அருளம்பலத்தார் கண்ட முதலாம் இலக்க வெளிச்சம்

சென்ற வெள்ளிக்கிழமை காலை, பண்டத்தரிப்பில் என் நொத்தாரிசுக் கந்தோரில், ஒரு காணி உறுதிப் பத்திரத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு பங்காளிகள்; அவர்களுக்கு நடுவே ஒரு கிணறு; கிணற்றைச் சுற்றி முப்பது வருடத்துச் சண்டை. நான் வழக்கம்போலக் குரலை உயர்த்தி இருவரையும் ஏசிக்கொண்டிருந்தபோது, படலைக்கு வெளியே கதிரன் வந்து நிற்பதைக் கண்டேன். தெல்லிப்பழையிலே பனையேறிக் கள்ளுச் சீவுகிறவர். பதினான்கு வருடப் பழக்கத்தில் ஒரு நாளும் என் கந்தோர்ப் பக்கம் வந்தவரல்லர். தலைத்துண்டைக் கையிலே கசக்கிக்கொண்டு நின்றார்.

"ஐயா, பெரியையா எங்களை விட்டுப் போட்டார். விடியப்புறம்."

பேனையை மூடினேன். "எழும்பிப் போங்கோ ரண்டு பேரும். கிணறு ஒரு இடமும் ஓடாது" என்றேன். அதற்குமேல் எனக்குக் குரல் வரவில்லை. என்னை ஒரு நாளும் குரல் இல்லாமல் கண்டிராத அந்தப் பங்காளிகள் இரண்டு பேரும், சண்டையை மறந்து ஒன்றாகவே எழுந்து போனார்கள்.

கதிரன் ‘பெரியையா’ என்ற அருளம்பலத்தாரை உங்களிற் பலருக்குத் தெரியும். சிலருக்கு அவர் மலாயாப் பென்சனியர். அங்கே புகையிரதக் கந்தோரிலே இருபத்தைந்து வருடம் கணக்கராக இருந்து திரும்பியவர். மற்றவர்களுக்கு அவர் ‘வெளிச்சத்தார்’. அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தவர்களும் செத்தவீட்டுக்கு வந்திருந்தார்கள். பாடைக்குத் தோளும் கொடுத்தார்கள். நல்லது. அந்தச் சிரிப்பை மறந்துவிடலாம். ஆனால் அதைவிட மோசமான ஒரு காரியத்தை நான் செய்தேன். அதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதவேண்டும். இல்லாவிட்டால் இந்த அஞ்சலிக்கு அர்த்தமில்லை.

அவர் முதன்முதலாக என்னிடம் வந்தது உலக யுத்தத்துக்கு வெகுகாலம் முந்தி. வெள்ளைக் கோட்டு, கையிலே குடை. கதிரையில் இருந்ததும் இருக்காததுமாக, "நொத்தாரிசு, எனக்கு ஒரு உறுதி எழுதவேணும்" என்றார்.

"எந்தக் காணி, அண்ணை?"

"காணியில்லை. போன ஆடி மாசம், மைமல் பொழுதிலை, சூரியன் விழுந்த கையோடை, ஸ்டேசனிலையிருந்து வீட்டை நடந்து வரேக்கை ஆகாயத்திலை ஒரு வெளிச்சம் கண்டனான். மேற்கை, பனங்கூடலுக்கு மேலை. தேசிக்காயளவு, மஞ்சள் நிறம். சோளகக் காத்துக்கு எதிராப் போச்சுது. ஒரு சுருட்டுப் பத்தவைக்கிற நேரம் அப்பிடியே நிண்டுது. பிறகு அணைஞ்சு போச்சுது."

சமாதான நீதவானிடமும் போனாராம். அவர் சிரித்துவிட்டுத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டாராம். நானும் சிரித்தேன். எனக்குத் தேத்தண்ணி கொடுக்கவும் தோன்றவில்லை. "அண்ணை, நான் நிலத்துக்கு உறுதி எழுதுறனான். ஆகாயத்துக்கு ஆர் சொந்தக்காரன்?" என்று கேட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. குடையின் பிடியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "எனக்கு ஒரே பிள்ளை, பூரணம். அவளுக்குக் கலியாணம் பேசி வந்த இடம் குழம்பிப் போச்சுது. தகப்பன் இல்லாததைக் காணுறவராம், பரம்பரை விசராயிருக்குமாம். நான் கண்டது என்ன எண்டு நீர் எழுதவேண்டாம். அது எனக்கே தெரியாது. கண்டனான் எண்டு மட்டும் எழுதித் தாரும்."

என் சிரிப்பு நின்றுவிட்டது. உறுதியென்றால் இரண்டு சாட்சி வேண்டும், அதுதான் சட்டம் என்று சொன்னேன். சொன்னது அவரைத் தட்டிக்கழிக்கத்தான். ஆனால் அவர் முகம் மலர்ந்தது. "ஓம், அது நியாயம். ஒரு சாட்சி நான். மற்ற ஆளைத் தேடிப் பிடிக்கிறன்" என்று குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் ‘வான் வெளிச்ச விசாரணைச் சங்கம்’ பிறந்த கதை இவ்வளவுதான். பெயர் தெரியாத வெளிச்சம் கண்டவர்கள் தம்மிடம் வந்து சொல்லவேண்டுமென்று சந்தையிலும் கோயில் மடத்திலும் கையால் எழுதி ஒட்டினார். ஆட்கள் வந்தார்கள். ஆனால் அவர் கண்டதைக் கண்ட ஒருவரும் வரவில்லை; ஒவ்வொருவரும் தாம் தாம் கண்ட வேறொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வந்தவர்களை அவர் திருப்பி அனுப்பவில்லை. "எனக்கு நடந்ததுதானே உவைக்கும் நடந்திருக்கு. ஆராவது ஒரு ஆள் இருந்து கேக்கவேணும்" என்றார். இப்படியாக மாதாமாதம் பறுவத்தன்று பின்னேரம் அவருடைய தெல்லிப்பழை வளவில், வேப்பமரத்தின் கீழ்க் கூட்டம். நிலவு நாளில் வெளிச்சம் பார்க்கும் வேலை இல்லையாதலால் அந்த நாளே வசதி. ஐந்தாறு பேர் வருவோம். பூரணம் பனங்கட்டியும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைப்பாள்.

சங்கத்துக்கு அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. ஒருவர் தாம் கண்டதைச் சொல்லி முடிக்கும்வரைக்கும் அது இன்னது என்று எவரும் பெயர் சொல்லக்கூடாது. கொள்ளிவாய்ப் பேய், முனி, எரிவெள்ளி, ஆகாயக் கப்பல் என்று வாய் தவறிச் சொன்னால், அடுத்த கூட்டத்துக்குப் பனங்கட்டி அவர் பொறுப்பு. பருத்தித்துறையிலிருந்து பஸ் ஏறி வரும் முத்துத் தண்டயல்தான் வருடம் முழுவதும் பனங்கட்டி கொண்டுவந்தவர். வத்தைக் கப்பல் ஓட்டி வங்கக் கரை வரை போய்வந்த மனிதருக்கு வாயை அடக்க முடியுமா? "அண்ணை, கடலிலை வெளிச்சத்தைக் கண்டு பேர் சொல்லாமல் இருந்தா வத்தை கல்லிலை ஏறும்!" என்று கத்துவார். "இது தரை, தண்டயல். அவசரமில்லை" என்பார் அருளம்பலத்தார்.

பதிவுக் கொப்பி என் பொறுப்பு. எனக்குத் தெரிந்த எழுத்து உறுதி எழுத்துத்தானே! ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் இலக்கம் போட்டு, ஊரும் இறைப் பிரிவும் குறித்து, நான்கு எல்லையும் எழுதினேன். ‘கிழக்கு: கந்தையர் வளவுப் பெரிய பனை. வடக்கு: பிள்ளையார் கோயில் மணிக்கூடு. தெற்கும் மேற்கும் ஒழுங்கை.’ கீழே இரண்டு சாட்சிகளின் ஒப்பம். ஒரே சாட்சியாக இருந்தால் ஓரத்தில் ‘தனிச்சாட்சி’ என்று சிவப்பு மையால் குறிக்கவேண்டும். அருளம்பலத்தாருடைய வெளிச்சம் முதலாம் இலக்கம். அதன் ஓரத்திலும் சிவப்பு மைதான். தமக்கென்று ஒரு விலக்கு அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் கொடுத்திருக்கமாட்டேன். அப்போது எனக்கு அவ்வளவு திமிர்.

அந்த உறுதி எழுத்தினால் வந்த கூத்தையும் சொல்லவேண்டும். ஒரு மாசி மாதம் பண்டத்தரிப்பிலே ஒரு வெளிச்சம், தெல்லிப்பழையிலே ஒன்று, பருத்தித்துறையிலே ஒன்று என்று மூன்று பதிவு வந்தன. மூன்றுக்கும் எல்லை வேறு. ஆகவே மூன்றும் வேறு வேறு வெளிச்சம். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. எங்கள் வெளிச்சம்தான் முந்தியது என்று நானும், "உங்கடை வெளிச்சம் எங்கடையின்ரை கால் தூசுக்குக் காணாது" என்று தண்டயலும் மூன்று கூட்டம் சண்டை பிடித்தோம். நாலாவது கூட்டத்தில், வேம்புக்கு அடுத்த பனையின் உச்சியிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. மாலைச் சீவலுக்கு ஏறியிருந்த கதிரன்.

"குறை நினையாதையுங்கோ, நயினார். ஒரு வெளிச்சத்தை மூண்டு ஊரிலை நிண்டு பாத்தா மூண்டு வெளிச்சமோ? நான் பனை வட்டுக்குள்ளை நிண்டு பாத்தனான். ஒண்டுதான் அப்பிடியே கிழக்காலை போச்சுது."

தண்டயலுக்கும் எனக்கும் முகத்தில் ஈயாடவில்லை. அருளம்பலத்தாரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இரண்டு வருடமாகக் காணி அளக்கிற கண்ணால் ஆகாயத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுதியிருக்கிறேன்! கொப்பி முழுவதும் மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

கதிரன் இறங்கி வந்ததும், "இரும், கதிரன்" என்று அருளம்பலத்தார் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். இருக்கவும் சொன்னார், ‘இரு’ என்னாமல் ‘இரும்’ என்றும் சொன்னார். எங்கள் பகுதியில் அந்தக் காலத்தில் பனையேறுகிறவருக்கு இரண்டும் கேட்டறியாத காரியம். கதிரன் நடுங்கிப்போய் நிலத்தில் குந்தினார். அருளம்பலத்தார் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. தாமும் கதிரையை விட்டு எழுந்து அவருக்கு எதிரே மண்ணில் சப்பாணி கட்டி இருந்துகொண்டு, "மேலை நிண்டு பாத்த ஆளை நாங்கள் கீழை நிண்டு விசாரிக்கிறதே பெரிய வெக்கம். எல்லாரும் இருங்கோ" என்றார். தண்டயல் உடனே இருந்துவிட்டார். நான் கூட்டம் முடியும்வரை நின்றேன். நின்றுகொண்டு எழுதுவதுதான் எனக்கு வசதி என்று சொன்னேன். அது பொய். மண்ணில் அவருக்குச் சமமாக இருக்க எனக்கு மனம் வரவில்லை. அருளம்பலத்தாருக்கு அது தெரியும். அடுத்த பறுவத்துக்கு நான் போனபோது கதிரைகளே இல்லை, பாய்தான் விரித்திருந்தது. நானும் பாயில் உட்கார்ந்தேன்.

கதிரன் எங்கள் சங்கத்தில் சேர்ந்து இரண்டு வருடமானபின் ஒரு பின்னேரம், தெல்லிப்பழை ஒழுங்கையில் என் சைக்கிளை மறித்தார். முகம் சரியில்லை. தான் பல வருடமாக மறைத்துவைத்த ஒன்றை எனக்குச் சொல்லவேண்டுமென்றார்.

அருளம்பலத்தார் முதலாம் இலக்க வெளிச்சத்தைக் கண்ட அதே மைமல் பொழுதில் கதிரனும் பனையிலே நின்றிருக்கிறார். அதையும் கண்டிருக்கிறார். அது புகைக்குண்டு. கடதாசிக் கூட்டுக்குள் எண்ணெய்ப் பந்தம் கட்டிக் கோயில் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் மேலே விடுவார்களே, அதேதான். அயல் ஊரில் ஒரு கலியாண வீட்டார் விட்டது. "கீழை சோளகம் அடிச்சாலும் மேலை காத்து வேறை, நயினார். அதுதான் எதிராப் போச்சுது" என்றார். அணைந்ததுபோலத் தெரிந்தது, அது தோட்டத்துப் புகையிலைக் குடிலின்மேல் விழுந்தபோது. குடில் எரிந்துபோயிற்று. வழக்கு வருமென்ற பயத்தில் விட்டவர்கள் வாயே திறக்கவில்லை. கதிரன் சீவியது அவர்களுடைய பனைகளையும். வாயைத் திறந்தால் அடுப்பு எரியாது. இப்போது அந்த வீட்டுக்காரர் செத்துப்போனார், மற்றவர்கள் கொழும்போடு போய்விட்டார்கள்.

"பெரியையாவுக்குச் சொல்லட்டோ, நயினார்? முகத்துக்கு நேரை சொல்லப் பயமாக் கிடக்கு. அவர் அதை வைச்சுத்தானே இவ்வளவும் செய்யிறார்."

நான் யோசித்தேன். யோசித்தேன் என்று இப்போது சொல்கிறேன். உண்மையில் ஒரு நிமிடமும் ஆகவில்லை. ஊர் நக்கல் என் காதிலே கேட்டது. புகைக்குண்டைக் கண்டு மிரண்டு சங்கம் வைத்த மனிதர்! பள்ளிக்கூடப் பிள்ளைகள் படலைக்கு முன்னால் புகைக்குண்டு விடுவார்கள். அவர் நெஞ்சு உடைந்துவிடும். "கதிரன், உதை ஒருத்தருக்கும் சொல்லாதை. சொன்னா ஊர் அவரைச் சிரிச்சே கொண்டுபோடும்" என்றேன். கதிரன் தலையாட்டினார். நான் பெரிய உபகாரம் செய்துவிட்டவனாய்ச் சைக்கிளில் ஏறிப் போனேன்.

மறு வருடம் பூரணத்துக்கு இன்னோரிடம் பேசி வந்தது. நல்ல இடம். மாப்பிள்ளையின் தகப்பனார் சீதன உறுதி விஷயமாக என்னிடம் வந்தவர், போகும்போது மெல்லக் கேட்டார்: "ஆள் நல்ல மனுசன் எண்டு தெரியும். உந்த வெளிச்சக் கதை என்ன? மெய்யா ஏதும் இருந்ததோ, இல்லாட்டி ஆளுக்கு ஏதும்...?" விரலை நெற்றியில் வைத்துக் காட்டினார். இருந்தது, இன்னொருவரும் கண்டார் என்று நான் சொல்லியிருக்கலாம். அருளம்பலத்தாருடைய குணத்தைப் பற்றிக் கால் மணி நேரம் புகழ்ந்தேன். வெளிச்சத்தைப் பற்றி, "அது அவர் கண்டது, எனக்குத் தெரியாது" என்றேன். அந்தக் கலியாணப் பேச்சு அதோடு நின்றுவிட்டது. பூரணம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்திலே படிப்பிக்கப் போனாள். இனிமேல் ஒருவரும் தனக்காகப் பேசப் போகவேண்டாம் என்று தகப்பனாரிடம் சொல்லிவிட்டாள்.

யுத்த காலத்தில் சங்கம் வெகுவாகக் குறைந்துவிட்டது. வெளிச்சத்தை அணை, யன்னலை மூடு என்று ஊரெல்லாம் கட்டளை போட்டிருக்க, நாங்கள் வானத்தில் வெளிச்சத்துக்குக் கணக்கு வைத்தால் விடுவார்களா? பொலிசு அதிகாரி ஒருவர் வந்து பதிவுக் கொப்பியைப் பறித்து, விறாந்தையில் இருந்து இரண்டு மணி நேரம் படித்தார். படித்து முடித்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தாமும் முன்பு வன்னியில் வேலை செய்தபோது ஒன்று கண்டதாகச் சொன்னார். அருளம்பலத்தார் பனங்கட்டித் தட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டு என்னைப் பார்த்து, "இலக்கம் போடும்" என்றார். அந்த அதிகாரி மனைவிக்கும் சொல்லாததை எங்களுக்குச் சொல்லிவிட்டு, தொப்பியைக் கையிலே பிடித்தபடி இறங்கிப் போனார்.

சென்ற வருடம் பத்திரிகைகளெல்லாம் அமெரிக்காவிலே பறக்கும் தட்டு, பறக்கும் தட்டு என்று எழுதத் தொடங்கின. அருளம்பலத்தார் அப்போது படுக்கையோடு. வருடக் கடைசியில் ஒரு நாள் நான் வாசித்துக் காட்டினேன். "விசாரிக்க முந்திப் பேர் வைச்சிட்டினம். பனங்கட்டி கொண்டுவரச் சொல்லும்" என்று சிரித்தார். பிறகு கொப்பியின் முதலாம் பக்கத்தை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ஓரத்துச் சிவப்பு மையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எல்லாருக்கும் ரண்டாம் ஆள் வந்தது, நொத்தாரிசு. எனக்குத்தான் வரேல்லை. அது பேயோ பிசாசோ மண்ணாங்கட்டியோ, எனக்குக் கவலையில்லை. ஒரே ஒரு ஆள், நானும் கண்டனான் எண்டு சொன்னாக் காணும். சில நேரம் எனக்கே யோசினை வருது, ஊர் சொல்லுறது சரிதானோ எண்டு."

கதிரன் என்னிடம் சொல்லிப் பன்னிரண்டு வருடம்! அந்த மனிதர் அதிசயத்தையா தேடினார்? தம் புத்தி சரிதான் என்று சொல்ல ஓர் ஆளைத் தேடினார். அந்த ஆளுடைய வாயைக் கட்டிவைத்தவன், அவருடைய கட்டிலுக்குப் பக்கத்திலிருந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருக்கிறேன். எழுந்து போய் வளவில் நின்ற கதிரனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். முதன்முறையாக அவரைத் தொட்டேன் என்பதுகூடப் பிறகுதான் தெரிந்தது.

கதிரன் எல்லாவற்றையும் சொன்னார். திசை, நிறம், நின்ற நேரம், விழுந்த இடம். சட்டப்படி, பெயரைக் கடைசியிலே சொன்னார். புகைக்குண்டு என்ற சொல்லைக் கேட்டதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அருளம்பலத்தார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். பல நாளாக எழுந்திராத மனிதர்.

"அப்ப இருந்தது! இருந்ததுதானே! பிள்ளை, பூரணம், இஞ்சை ஓடி வா! இருந்ததாம்! கதிரனும் கண்டவராம்!"

கன்னமெல்லாம் கண்ணீர். கதிரனுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவில்லை. புகைக்குண்டு என்பதில் அவருக்கு ஒரு துளி வெட்கமும் இல்லை. நான் பயந்த சிரிப்பை அவர்தாம் முதலில் சிரித்தார். "புகைக்குண்டு! மலாயாவிலை கிடந்து எல்லாம் மறந்துபோனன், பாரும்!"

பூரணம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தகப்பனாரைப் பார்க்கவில்லை, கதிரனையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "கதிரனைக் கூட்டிவந்தது நீங்கள்தானே. உங்களுக்கு எப்ப தெரியும், மாமா?" என்றாள்.

பன்னிரண்டு வருடம் என்றேன். அவள் கணக்குப் போடுவது முகத்திலே தெரிந்தது. எந்த வருடம், அதற்கு அடுத்த வருடம் யார் தன்னைப் பெண் கேட்டு வந்தார்கள் என்பதெல்லாம். பின்பு தகப்பனாருடைய தலையணையைச் சரிசெய்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அருளம்பலத்தார் கொப்பியை என் மடியில் வைத்தார். இரண்டாம் சாட்சியின் வாக்குமூலத்தை எழுதச் சொன்னார். கதிரன் ஒப்பமிட்டார். "பிந்தினதுக்குக் காரணமும் எழுதவேணும். சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதானே" என்றார் அருளம்பலத்தார். எழுதினேன்: ‘சாட்சி சொல்ல முன்வந்தவரை நொத்தாரிசு தடுத்தார்.’ வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அது அரைவாசிதான். சிநேகிதத்தாலை தடுத்தார் எண்டு எழுதும். உண்மை முழுக்க வரவேணும்."

எழுதினேன். அதன் பிறகு இரண்டு மாதம் உயிரோடு இருந்தார். ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

செத்தவீட்டன்று பூரணம் எனக்குத் தேத்தண்ணி தந்தாள். மற்றவர்களுக்குத் தந்ததுபோலத் தந்தாள். பதிவுக் கொப்பி அவளிடமே இருக்கிறது, அது அவளுடையது. அருளம்பலத்தாரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது, அவர் சொல்ல நான் என் கையாலேயே எழுதிய ‘சிநேகிதத்தாலே’ என்ற அந்த ஒரு சொல். அவர் அதை எனக்குத் தந்துவிட்டார். பூரணம் இன்னும் தரவில்லை. அவள் தராவிட்டாலும் அது நியாயந்தான்.